மாதவரம் ஜி.என்.டி ரோடு மர வாடி: எந்த நாட்டு தேக்குன்னு கேட்டா ஃபைல எடுத்து காட்டுறாங்க

கொருக்குப்பேட்டையில வீட்டு மேல ஒரு மாடி எடுக்கறோம், அதுக்கு தலைவாசல் நிலை, கதவு, உள்ரூம் நிலைங்க, கிச்சன் கப்போர்டுக்கு ப்ளைவுட் எல்லாம் இந்தக் கடையிலதான் எடுத்தோம். மொத்தத்துல 5க்கு 4 குடுக்கறேன். மரம் நல்ல மரம், அளவுல ஏமாத்து இல்ல, அதெல்லாம் விட முக்கியமா இது எந்த ஊரு மரம், நட்டதா காட்டுல வெட்டினதான்னு கேட்டா மூஞ்ச சுளிக்காம பதில் சொல்றாங்க. அந்த ஒரு விஷயத்துக்காகத்தான் இவ்ளோ நீளமா எழுதறேன். மூலக்கடையில ஆரம்பிச்சு புழல், செங்குன்றம் வரைக்கும் வரிசையா வாடிங்க இருக்கு, அதுல பல இடத்துல இதே கேள்விய கேட்டேன், "ஃபாரின் மரம்மா, ஃபர்ஸ்ட் குவாலிட்டி" அப்படின்றதுக்கு மேல ஒரு வார்த்தை யாரும் சொல்லல.

எங்க அம்மாவுக்கு தேக்குன்னா பர்மா தேக்குதான். பாட்டி 60கள்ல ரங்கூன்லேருந்து கப்பல்ல வந்து வியாசர்பாடியில குடிசை போட்ட குடும்பம் எங்களுது, ரங்கூன்ல தூண்லேருந்து தொட்டி மூடி வரைக்கும் தேக்குலதான் இருக்கும்னு சொல்லி சொல்லியே அம்மாவை வளத்திருக்காங்க, அதனால தலைவாசலுக்கு பர்மாதான்னு ஒரே பிடிவாதம். கடை ஓனர், எல்லாரும் பாய்னுதான் கூப்பிடறாங்க, அம்மாவை சேர் போட்டு உக்கார வெச்சு, "பர்மா என்கிட்ட இல்லம்மா, வந்தாலும் இப்ப நான் எடுக்கறதில்ல"ன்னு நேராவே சொல்லிட்டாரு. விக்கறவர் வாயிலேருந்து இப்படி ஒரு பேச்சு வரும்னு நான் எதிர்பாக்கவே இல்ல, ஏன்னா பர்மான்னு சொன்னா கன அடிக்கு ரெண்டு மடங்குக்கு மேல விலை போடலாம்.

அவர் சொன்ன காரணம் இதுதான். 2014 ஏப்ரல் 1லேருந்து பர்மாவுல முழு உருட்டு மரத்தை வெளிய அனுப்பறத நிறுத்திட்டாங்க, அறுத்த மரம் மட்டும்தான் வரலாம், அதுக்கும் அரசாங்கத்தோட மியன்மா டிம்பர் எண்டர்பிரைஸ் வழியா போனாத்தான் சட்டப்படி சரக்கு. 2021 பிப்ரவரியில ராணுவம் ஆட்சிய புடிச்ச பிறகு அந்த நிறுவனத்தோட வருமானம் அவங்க கைக்கு போகுதுன்னு அமெரிக்கா அந்த ஏப்ரல்லயும் ஐரோப்பா ஜூன்லயும் அது மேல தடை போட்டாங்க, நம்ம நாட்டுல தடை இல்ல, அதனால இங்க இன்னும் பர்மா ஓடுது. இதுக்கு முன்னாடியே காடு என்ன கதியில இருந்துச்சுன்னா, ஐ.நா.வோட உணவு வேளாண்மை அமைப்பு 2015ல போட்ட கணக்குல, 2010லேருந்து 2015 வரைக்கும் வருஷத்துக்கு சுமார் 5.46 லட்சம் ஹெக்டேர் காடு அங்க போயிருக்கு, பிரேசில் இந்தோனேசியாவுக்கு அடுத்து உலகத்துலயே மூணாவது இடம். அம்மா எல்லாத்தையும் கேட்டுட்டு, "அப்ப வேற என்ன இருக்கு பாய், வாசனை வருமா"ன்னாங்க. சம்மதிச்சிட்டாங்கன்னு அப்பவே தெரிஞ்சிடுச்சு.

வாடிக்குள்ள கானா தேக்கு அடுக்கி வெச்சிருந்தாங்க. ஒவ்வொரு மரத்தோட வெட்டு முகத்துலயும் பெயிண்ட்ல ஒரு நம்பர், வெடிப்பு ஓடாம இருக்க அடிச்ச எஸ் மாதிரி இரும்புக் கொக்கி, பக்கத்துல சின்ன பிளாஸ்டிக் வில்லை ஒண்ணு ஆணி வெச்சு அடிச்சிருக்கு, அதுலயும் அதே நம்பர். பாய் கூப்பிட்டதும் பையன் ஃபைல எடுத்துட்டு வந்தான், பேக்கிங் லிஸ்ட்ல அந்த நம்பருக்கு நேரா நீளமும் சுத்தளவும் இருந்துச்சு, டேப் வெச்சு நானே அளந்தேன், சரியா இருந்துச்சு. கூடவே பூச்சி நோய் இல்லன்னு அந்த நாட்டு சர்டிஃபிகேட், புகை போட்டதுக்கு ஒண்ணு, எந்த நாட்டு சரக்குன்னு ஒண்ணு, நம்ம கஸ்டம்ஸ்ல போட்ட பில் ஆஃப் என்ட்ரி. காசிமேட்டுல செவுள தூக்கிப் பாக்காம யாராவது மீன் வாங்குவோமா, லட்ச ரூபா மரத்துக்கு மட்டும் எதையும் பாக்காம அட்வான்ஸ் குடுத்துட்டு வந்துடறோம்.

ஆனா ஒண்ணு புரிஞ்சுக்கணும், இந்தப் பேப்பர் எல்லாம் மரம் எந்த நாட்டுலேருந்து முறையா இறங்குச்சுன்னு சொல்லும், அங்க காட்டை அழிச்சாங்களா இல்லையான்னு சொல்லாது. இதை நான் பாய்கிட்ட கேட்டப்பவும் அவர் மழுப்பல. தேக்கு தானா காட்டுல வளர்றது நாலே நாட்டுலதான், இந்தியா, பர்மா, தாய்லாந்து, லாவோஸ். ஆப்பிரிக்காவுல இருந்தோ தென் அமெரிக்கா பக்கம் இருந்தோ தேக்கு வந்தா அது கண்டிப்பா யாரோ நட்டு வளத்த மரம். அதனால கானா தேக்குல கேக்க வேண்டிய கேள்வி வேற, தோட்டம் போடறதுக்கு முன்னாடி அந்த எடத்துல என்ன இருந்துச்சு? காட்டை வெட்டிட்டு அங்க தேக்கு நட்டிருந்தா நட்ட மரம்னு சொல்லி என்ன பிரயோஜனம். கானா 2009லயே ஐரோப்பாவோட ஒரு ஒப்பந்தம் போட்டு, வெட்டின அடிக்கட்டையிலேருந்து துறைமுகம் வரைக்கும் மரத்தை நம்பர் போட்டு தொடர்ற முறைய கொஞ்சம் கொஞ்சமா கொண்டு வந்தாங்க, வில்லையில நம்பர் இருக்கற பழக்கம் அப்படித்தான் வலுவாச்சு. அந்த முறை ஐரோப்பாவுக்கு போற மரத்தை மனசுல வெச்சு ஆரம்பிச்சது, ஆனா தேக்கு பெரும்பாலும் வர்றது நம்மகிட்ட, உலகத்துலயே அதிகமா தேக்கு இறக்குமதி பண்ற நாடு நம்மளுதுதான்.

நிலைக்கு கானா மரத்தையே எடுத்துட்டோம், வைரம் நல்லா பாஞ்ச மரமா பாத்து ஆசாரி பொறுக்கினாரு. கதவுப் பலகைக்கு கோஸ்டா ரிகா சரக்கு ஒரு சின்ன அடுக்கு இருந்துச்சு, அதுல சில மரத்துக்கு எஃப்.எஸ்.சி. (காட்டை பொறுப்பா பாத்துக்கறாங்களான்னு சோதிச்சு முத்திரை குடுக்கற உலக அமைப்பு) சர்டிஃபிகேட் உள்ள தோட்டத்து கோட் இருந்துச்சு. அங்கயே நின்னு போன்ல எஃப்.எஸ்.சி. தளத்துல அந்தக் கோட போட்டேன், தோட்டத்தோட பேரு, ஊரு, எந்த தேதி வரைக்கும் செல்லும்னு எல்லாம் வந்துச்சு. 1994 நவம்பருக்கு அப்புறம் இயற்கைக் காட்டை அழிச்சு போட்ட தோட்டத்துக்கு எஃப்.எஸ்.சி. குடுக்கறதில்லன்னு ரொம்ப வருஷமா விதி இருந்துச்சு, 2023லதான் பழைய சேதத்தை சரி பண்ணா உள்ள விடலாம்னு கொஞ்சம் மாத்தினாங்க. அதனால கோட் இருக்கற மரத்துல நான் மேல சொன்ன கேள்விக்கு பெரும்பாலும் பதில் இருக்கும். இங்க ஒரு குறை இருக்கு, தோட்டத்துலேருந்து கடை வரைக்கும் கை மாறற ஒவ்வொருத்தரும் வாங்க வேண்டிய சங்கிலி சர்டிஃபிகேட் இந்தக் கடைக்கு கிடையாது, அதனால நமக்கு குடுக்கற பில்லுல எஃப்.எஸ்.சி.ன்னு போட முடியாது, போடவும் இல்ல. போட்டு ஏமாத்தாம இருந்ததுக்கு சந்தோஷம், ஆனா இவ்ளோ தூரம் வந்தவங்க அந்த சர்டிஃபிகேட்டையும் எடுத்துட்டா நல்லா இருக்கும்.

கோஸ்டா ரிகா கதைய கொஞ்சம் சொல்லியே ஆகணும், ஏன்னா மரம் வித்து பொழைக்கற ஏழை நாடு காட்டை காப்பாத்த முடியாதுன்னு சொல்றவங்களுக்கு அதுதான் பதில். 80கள்ல அங்க காடு நாட்டு நிலத்துல கால்வாசி அளவுக்கு சுருங்கிடுச்சு, மாட்டுக்கு மேய்ச்சல் நிலம் பண்ண வெட்டினதுதான் பெரிய காரணம். 1996ல சட்டம் போட்டு காட்டை வேற எதுக்கும் மாத்தக் கூடாதுன்னாங்க, அதோட நிறுத்தாம அடுத்த வருஷத்துலேருந்து காட்டை வெட்டாம வெச்சிருக்கற நிலத்துக்காரங்களுக்கும் புதுசா மரம் நடறவங்களுக்கும் பணம் குடுக்க ஆரம்பிச்சாங்க, அந்தப் பணத்துல பெரிய பங்கு பெட்ரோல் டீசல் மேல போட்ட வரியிலேருந்து. இன்னைக்கு பாதிக்கு மேல காடு. ஏத்துமதி நின்னுச்சா, நிக்கல, காபி போகுது, வாழைப்பழம் போகுது, அன்னாசிப் பழத்துல உலகத்துலயே பெரிய ஏத்துமதிக்காரங்க, நட்டு வளத்த தேக்கு கப்பல்ல ஏறி நம்ம ஊருக்கு வருது. அன்னாசித் தோட்டத்துல அடிக்கற மருந்து பத்தி அங்க சனங்களுக்கு கோவம் இருக்கு, அது தனி விஷயம்.

என் தம்பி என்ன சொன்னான்னா, மரமே வேணாம்கா, இரும்புக் கதவும் பிவிசி நிலையும் போட்டுடு, பாவம் காடு தப்பிக்கும். நல்ல எண்ணத்துலதான் சொன்னான், ஆனா கணக்கு அப்படி போகல. வெப்ப நாடுகள்ல காடு அழியறதுக்கு பெரிய காரணம் விவசாயமும் மேய்ச்சலும்தான், மாடு, சோயா, பாமாயில், கொக்கோ. மரத்துக்கு விலையே இல்லன்னா கானாவுல தேக்கு வெச்ச விவசாயி அதை பிடுங்கிட்டு காசு வர்ற பயிரை போடத்தான் பாப்பாரு, அவருக்கும் புள்ளைங்க இருக்கு, ஸ்கூல் ஃபீஸ் இருக்கு. நம்ம வாங்காம இருந்தா அவங்களுக்கு உதவி இல்ல, கேட்டு வாங்கினாத்தான் உதவி. எங்க நட்டது, வெட்டினதுக்கு பதிலா திரும்ப நட்டாங்களான்னு கேட்டு, அதுக்கு பதில் இருக்கற மரத்துக்கு கூட ரெண்டு ரூபா குடுக்கணும்.

ப்ளைவுட் செக்ஷன்ல இதே விஷயம் இன்னும் தெளிவா தெரிஞ்சுது. முன்னாடி ப்ளைவுட் மேல ஒட்டற மெல்லிசு தோலுக்கு (ஃபேஸ்னு சொல்லுவாங்க) கர்ஜன்ற மரத்தோட ஃபேஸ்தான் எல்லாரும் கேப்பாங்க, அது பர்மாவுலேருந்து வந்துட்டு இருந்துச்சு, அந்த மரம் வர்றது நின்னதும் கேபான் ஃபேஸ் புடிச்சிடுச்சு, ஒக்கூமேன்னு மரம், இளஞ்சிவப்பா லேசா இருக்கும். ஆப்பிரிக்காவுல கேபான் நாட்டுல கிட்டத்தட்ட 88 சதவீதம் காடுதான். 2010ல அவங்க முழு மரத்தை ஏத்துமதி பண்றதயே நிறுத்திட்டாங்க, வேணும்னா எங்க ஊருலயே தோல் உரிச்சு, அறுத்து, பலகையா எடுத்துட்டு போங்கன்னுட்டாங்க, தலைநகரம் லீப்ரவீல் பக்கத்துல என்கோக்னு ஒரு தொழிற்பேட்டை போட்டாங்க, நம்ம ஊரு ப்ளைவுட் கம்பெனிங்க பல பேரு அங்க போய் மில் வெச்சிருக்காங்க. ஒரே மரத்துலேருந்து அந்த நாட்டுக்கு வர்ற வேலையும் வருமானமும் கூடுச்சு, அதனால நிறைய மரம் வெட்டணும்ற நெருக்கடி குறைய வழி இருக்கு. 2021ல நார்வே பணத்துலேருந்து 1.7 கோடி டாலர் கேபானுக்கு போச்சு, காட்டை காப்பாத்தி கரியமில வாயுவ குறைச்சதுக்காக ஆப்பிரிக்காவுல ஒரு நாட்டுக்கு அப்படி குடுத்தது அதுதான் முதல் தடவை. அதுக்காக எல்லாம் சுத்தம்னு சொல்லல, 2019ல ஓவெண்டோ துறைமுகத்துல புடிச்சு வெச்சிருந்த கெவாசிங்கோன்ற விலை ஜாஸ்தியான மரம் 353 கன்டெய்னர் காணாம போய், காட்டு மந்திரி பதவியே போச்சு.

திருட்டு மரம்னா ஆப்பிரிக்கா வரைக்கும் போக வேணாம். சேஷாசலம் மலையில வெட்டின செம்மரம் நம்ம செங்குன்றம், மாதவரம் குடோன்லயும் துறைமுகத்துலயும் எத்தனை வாட்டி புடிபட்டிருக்கு, இந்த ரோட்டுல இருக்கற எல்லாருக்கும் தெரியும். அதனாலயே பாய் மாதிரி ஃபைல ஒழுங்கா வெச்சிருக்கற ஆளுங்களுக்கு அதிகாரிங்க வந்தா பயம் இல்ல.

இப்ப ஐரோப்பாவுல 2023ல ஒரு சட்டம் வந்திருக்கு, 2020 டிசம்பர் 31க்கு அப்புறம் காட்டை அழிச்ச நிலத்துல வெளஞ்சிருந்தா மாடு, கொக்கோ, காபி, பாமாயில், ரப்பர், சோயா, மரம் எதுவும் உள்ள வரக் கூடாது, எந்த நிலத்துல வெளஞ்சதுன்னு மேப்புல புள்ளி வெச்சு காட்டணும். நல்ல சட்டம், ஆனா ரெண்டு தடவை தள்ளிப் போட்டுட்டாங்க. அதுல எனக்கு ஒரு கவலை, பெரிய எஸ்டேட்காரன் ஆள் வெச்சு மேப்பு போட்டுடுவான், ரெண்டு ஏக்கர் கொக்கோ வெச்சிருக்கற ஆளு என்ன பண்ணுவாரு, நம்ம குடகு காபி விவசாயிக்கும் அதே தலைவலிதான். மேப்பு போடற செலவ வாங்கற நாடும் வாங்கற கம்பெனியும் ஏத்துக்கணும், இல்லன்னா சின்ன விவசாயிய சந்தையிலேருந்து தொரத்தறதுலதான் முடியும். இன்னொரு பக்கம், ஐரோப்பா வேணாம்னு சொன்ன சரக்கு கடல்லயா கொட்டுவாங்க, கேள்வி கேக்காத ஊருக்கு திருப்பி விட்டுடுவாங்க, அந்த ஊரு நம்ம ஊருதான். வெளிநாட்டு மரம் திருட்டு மரமா இல்லையான்னு வாங்கறவர் சோதிச்சே ஆகணும்னு ஐரோப்பா, அமெரிக்காவுல இருக்கற மாதிரி சட்டம் நமக்கு இல்ல. 2023 டிசம்பர்ல மத்திய அரசு இந்திய காடு, மர சான்றிதழ் திட்டம்னு ஒண்ணு ஆரம்பிச்சிருக்காங்க, அதுல சேர்றது அவங்கவங்க விருப்பம்.

வாங்கறவங்க கேட்டா என்ன நடக்கும்ன்றதுக்கு பிரேசில் சோயா ஒரு நல்ல உதாரணம். 2006ல பெரிய சோயா வியாபாரிங்க ஒண்ணா சேந்து, இனிமே அமேசான்ல புதுசா காடு அழிச்ச நிலத்து சோயாவ வாங்க மாட்டோம்னு சொன்னாங்க, அரசாங்கமும் சேட்டிலைட் வெச்சு கண்காணிச்சு அபராதம் போட்டுச்சு, அழிக்கறவனுக்கு பேங்க் கடன் இல்லன்னாங்க. 2004ல 27,000 சதுர கிலோமீட்டருக்கு மேல அழிஞ்ச அமேசான் 2012ல 4,600க்குள்ள வந்துடுச்சு. சோயா ஏத்துமதி அந்த வருஷங்கள்ல ஏறிக்கிட்டேதான் இருந்துச்சு, ஏற்கெனவே வெட்டி வெறுமனே கெடந்த மேய்ச்சல் நிலமே பயிருக்கு போதுமானதா இருந்துச்சு. பின்னாடி அரசாங்கம் கைய தளர்த்தினதும் 2021ல 13,000 வரைக்கும் திரும்ப ஏறுச்சு, கண்ண எடுத்தா போச்சு.

சரி, கடையோட குறைங்களுக்கு வரேன். உள்ரூம் நிலைக்கு முதல்ல மலேசியா மரம் காட்டினாங்க, அதுக்கு ஃபைல் இல்ல, தூத்துக்குடி இறக்குமதிக்காரர்கிட்ட வாங்கின ஒரு பில்லு மட்டும்தான். மலேசியாவுக்கு எம்.டி.சி.எஸ்.னு சொந்தமா சான்றிதழ் முறை இருக்கு, 2009லயே பி.இ.எஃப்.சி.ன்ற உலக சான்றிதழ் அமைப்போட அங்கீகாரம் வாங்கினது, அதனால பேப்பரோட மரம் கெடைக்காம இல்ல, இவங்க கேட்டு வாங்கல. நான் சொன்னதுக்கு பாய், "அடுத்த லோடுக்கு கேக்கறேம்மா"ன்னாரு, கேட்டாரான்னு அடுத்து போறவங்க பாத்து எழுதுங்க. நாங்க அதை விட்டுட்டு நாட்டு வேம்பு எடுத்துட்டோம், விலையும் கம்மி, கரையான் சீக்கிரத்துல கிட்ட வராது. கப்போர்டு ஷட்டருக்கு ரப்பர் மரப் பலகையும் வெச்சிருக்காங்க, பால் வத்தின பிறகு எப்படியும் வெட்டற மரம், அதை யாரும் கேக்கறதே இல்லன்னு வருத்தப்பட்டாரு.

கோஸ்டா ரிகா பலகையில ரெண்டு மூணுல ஓரம் வெள்ளையா இருந்துச்சு, சின்ன வயசு தோட்டத்து மரம்னா வைரம் கம்மியாதான் இருக்கும், அது மரத்தோட குத்தம் இல்ல, ஆனா அடுக்கும்போதே பிரிச்சு வெச்சிருக்கணும். ஆசாரி திருப்பி அனுப்பினாரு, வாய் பேசாம மாத்திக் குடுத்தாங்க. டெலிவரி சொன்ன நாளைக்கு வரல, வண்டி பிரிட்ஜ் கிட்ட மாட்டிக்கிச்சுன்னாங்க, போன் பண்ணா ஒழுங்கா எடுத்து பதில் சொல்லியிருக்கலாம். கானா மரம் பர்மா மாதிரி எண்ணெய்ப் பசையா இருக்காது, வாசனையும் கொஞ்சம் கம்மிதான், எங்க அம்மா இழைச்ச சுருளை மோந்து பாத்துட்டு பரவால்லன்னாங்க. வார்னிஷ் அடிக்கறதுக்கு முன்னாடி நல்லா காய விடுங்க.

போறவங்க காலையிலயே போங்க, மத்தியானத்துக்கு மேல ஜி.என்.டி ரோட்டுல லாரி நின்னுடும், கார் நிறுத்த எடம் இல்ல, பைக்னா உள்ளயே விடலாம். ஆசாரிய கூட்டிட்டு போங்க, அறுக்கறதுக்கு முன்னாடி வெட்டு முகத்துல இருக்கற நம்பர போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க, அறுத்துட்டா அது போயிடும். பில்லுல வெறும் தேக்குன்னு போடாம எந்த நாட்டு தேக்குன்னு எழுதி வாங்குங்க, கேட்டா எழுதிக் குடுக்கறாங்க, எங்களுக்கு குடுத்தாங்க.